பின்னூட்டப் பேரவையில் ஒரு கோடு சார்ஜ்

ஜான்சிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். பெரிய ஆள் வேண்டாம். அவள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டைக் கடைசிவரை ஆடிவிட்டு, இந்த இடம் நல்லாருக்கு, இந்த இடம் கழுத்தறுப்பு என்று வாயைத் திறந்து சொல்கிற ஆள். இரண்டு கண்ணும் ஒரு சுட்டுவிரலும் இருந்தால் போதும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டில், கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அப்படி ஒரு சுட்டுவிரல் கிடைக்காமல் அந்தப் பெண் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டிக்கொண்டு வருகிறது. சிரிப்பும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஆபத்து என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

அவள் கடைசி வருடம் படித்த இன்ஜினியரிங் கல்லூரியில் பொங்கல் லீவு முடிந்ததும் கேம் ஜாம் என்று ஒன்று வைத்தார்கள். ஒரு தலைப்பைக் கொடுத்து, இரண்டே நாளில் ஒரு விளையாட்டைச் செய்து முடி என்பார்கள். அந்த வருடத் தலைப்பு 'பற்றாக்குறை'. பிள்ளைகளில் பாதிப்பேர் பெட்ரோல் தீர்ந்த காரை ஓட்டினார்கள், மீதிப்பேர் தோட்டா தீர்ந்த துப்பாக்கியால் சுட்டார்கள். ஜான்சி மட்டும் ஒரு கதை செய்தாள்.

கடலூரைப் புரட்டிப்போட்ட 'தானே' புயல் அடித்த மறுநாள். தேவனாம்பட்டினத்தில் ஒரு பெண். கம்பமெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, கரண்ட் இல்லை. கையில் இருக்கும் செல்போனில் ஒரே ஒரு கோடு சார்ஜ். அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரியாமல் நாலு பேர் நாலு திசையில் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். குவைத்தில் அண்ணன், திருப்பூரில் புருஷன், சென்னையில் வேலைக்குப் போன மகள், ஸ்ரீமுஷ்ணத்தில் பேச்சுவார்த்தையே இல்லாத தங்கை. யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது என்பதை ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் உள்ள குசும்பு என்னவென்றால், 'தொடங்கு' என்பதை அமுக்கியதும் அந்தச் சார்ஜ் நிஜக் கடிகாரப்படி கரையத் தொடங்கிவிடும். ஆறு நிமிடம்தான். யோசித்தாலும் கரையும், கொட்டாவி விட்டாலும் கரையும். ஒருவரிடம் பேசினால் மற்ற மூவருக்கு மிஞ்சாது. நாலு பேர் வயிற்றிலும் பால் வார்க்க ஒரே வழிதான் உண்டு. யாரிடமும் பேசாமல், ஆளுக்கொரு மிஸ்டு கால். மணி அடித்துக் கட்டானால், ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம்.

அது ஆடுகிறவருக்குத் தானாகத் தோன்றுமா, தோன்றாதா? இதுதான் ஜான்சியின் கேள்வி. கேள்விக்குப் பின்னால் ஒரு வேலை தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஒரு சின்ன கேம் கம்பெனி, ஜாம் இணையதளத்தில் இவளுடைய கதைச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு மெயில் போட்டிருந்தது. மாத முடிவுக்குள் விளையாட்டைத் திருத்தி அனுப்பு. ஆடியவர்கள் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு நீ எதை மாற்றினாய் என்றும் எழுது. பிடித்திருந்தால் வந்து சேர்ந்துகொள். பிடிக்காவிட்டால், காட்டுமன்னார்கோயிலில் அவளுடைய அம்மா ராசம்மாள் ஒரு ரைஸ்மில் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தாள். உலகத்தில் எதைப் பற்றியும் அந்த மாப்பிள்ளைக்குக் கருத்து என்று ஒன்று கிடையாது என்பதை ராசம்மாள் அவருடைய முதல் தகுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜாம் இணையதளத்தில் ஜான்சியின் விளையாட்டுக்குக் கீழே வரிசையாக 'சூப்பர்', 'சூப்பர்' என்று போட்டிருந்தார்கள். முதல் சூப்பர் வகுப்புத் தோழன் சித்தார்த்துடையது. சிதம்பரம் கீழ வீதி டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"ஏ சித்தார்த், அந்த மிஸ்டு கால் மேட்டரு உனக்குத் தோணுச்சா?"

"எந்த மிஸ்டு காலு?"

"என் கேம்ல."

"உன் கேமு கார் ரேஸ் இல்ல?"

"அது உன் கேம்டா."

"ஓ. நான் இன்னும் உன்னுது ஆடல ஜான்சி. ஆனா முடிவு செம டச்சிங்."

"ஆடாமலே எப்டிரா டச் பண்ணும்?"

அவன் நிஜமாகவே புண்பட்டுவிட்டான். "இத பாரு. நான் உனக்கு ஒரு சூப்பர் போட்டேன், நீ எனக்கு ஒண்ணு போடணும். அதான மொற? எல்லாரும் எல்லாருதையும் ஆடிப் பாக்கணும்னா படிக்கிறது எப்ப, தூங்குறது எப்ப?"

"நான் உன்னுத ஆடினேன். மூணாவது வளைவுல காரு ரோட்டுக்குள்ள முழுகிடுது."

சித்தார்த்தின் முகம் செத்துவிட்டது. கூடப் பிறந்தவன் சாவுச் செய்தியைக்கூட அவன் இதைவிட நன்றாகத் தாங்கியிருப்பான். "இதெல்லாம் நாலு பேரு இருக்க எடத்துல பேசிக்கினு இருக்காத" என்று முணுமுணுத்தான். டீ ஆறி ஆடை கட்டிய பிறகு கொஞ்சம் மனம் இளகி, "உனக்கு ஃபீட்பேக்குதான வேணும்? மஞ்சக்குப்பத்துல அதுக்குன்னே ஒரு ஆபீசு நடத்துறாங்க, போ" என்றான்.

அந்த ஆபீசின் பெயர் கடலூர் சிதம்பரம் வட்டாரக் கணினிக் கதையாட்டப் பின்னூட்டப் பேரவை. பெயர் போர்டுக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டடத்துச் சுவரில் போய் முடிந்திருந்தது. முன்பு இவர்கள் கவியரங்கம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். கவிதை கேட்க ஆள் வருவது நின்றுபோனதும், படிக்காமலே பேசக்கூடிய புதிய துறை எது என்று பொதுக்குழு கூடி ஆராய்ந்தது. இணையத்தில் வலைப்பூக்காரர்கள் பின்னூட்டம், பின்னூட்டம் என்று அடித்துக்கொள்வது யார் காதிலோ விழ, அதையே பிடித்துக்கொண்டு போர்டை மாற்றிவிட்டார்கள். ஆட்கள் மாறவில்லை. பொன்னாடையும் மாறவில்லை.

பொன்னாடையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பேரவையில் மொத்தமே ஒரு பொன்னாடைதான். ஒரு கூட்டத்தில் தலைவர் செயலாளருக்குப் போர்த்துவார், அடுத்த கூட்டத்தில் செயலாளர் தலைவருக்குப் போர்த்துவார். தோய்த்தால் ஜரிகை போய்விடும் என்று தோய்ப்பதே இல்லை. ஒரு ஓரத்தில் சாம்பார், ஒரு ஓரத்தில் கேசரி, நடுவில் பல தலைமுறைக் கழுத்து வியர்வை. அதற்கு ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. இரண்டு தேர்தலில் போட்டும்விட்டது என்று எதிரணியினர் புகார் சொன்னார்கள். கழற்றி வைத்தால் மடியாது. உட்கார வைத்தால் உட்காரும்.

உறுப்பினர்கள் எல்லோருக்கும் பட்டம் உண்டு. பின்னூட்டப் பேரொளி, பின்னூட்டச் சுடர், பின்னூட்டத் தீபம். இத்தனை வெளிச்சமும் ஒரே அறையில் இருந்தது. ஊரில்தான் பத்து மணி நேரம் கரண்ட் கட்.

ஜான்சியை வரவேற்றவர் செயலாளர் அறிவழகன், பின்னூட்டச் சுடர். சிதம்பரத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். கூட்டம் நடந்தால்தான் பேனர், பேனர் அடித்தால்தான் கூட்டம் என்ற தத்துவத்தில் அசையாத நம்பிக்கை உள்ளவர்.

"வாம்மா, குந்து. வாழ்த்துரையா, ஆய்வுரையா, அணியுரையா? எது வேணும்?"

"இன்னா சார் வித்தியாசம்?"

"வாழ்த்துரைன்னா நல்லாருக்குன்னு சொல்றது. ஆய்வுரைன்னா ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றது. அணியுரைன்னா, அவரு சொன்னது எவ்ளோ நல்லாருந்துச்சுன்னு இன்னொருத்தரு சொல்றது."

"நல்லால்லன்னு சொல்றதுக்கு?"

அறிவழகன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கு யாரு மேலனா கோவமாம்மா?"

"என் கேம் மேலதான் சார். எங்க போரடிக்குதுன்னு தெரிஞ்சா மாத்திடுவேன். யாரு சார் ஆடிப் பாப்பாங்க?"

"எத?"

"கேம."

அந்தக் கேள்வி பேரவையின் வரலாற்றில் அதுவரை எழுந்ததில்லை. நல்லவேளையாக உள் அறையிலிருந்து தலைவர் பொன்னுரங்கம் வந்துவிட்டார். பின்னூட்டப் பேரொளி. ஓய்வுபெற்ற அதிகாரி, எந்த அலுவலகத்தில் அதிகாரி என்பது அவருடைய பட்டங்களுக்குப் பின்னால் எங்கோ புதைந்துபோயிருந்தது. அதிரசம் தின்ற கையை ஜான்சியின் தலையில் வைத்து ஆசீர்வதித்தார். எண்ணெய் வகிட்டில் இறங்கி நெற்றிக்கு வந்தது.

"ஆடிப் பாத்துட்டா நடுநிலை போயிடும் கண்ணு" என்றார். "ஆடினவனுக்கு ஒண்ணு புடிக்கும், ஒண்ணு புடிக்காது. ஒரு பக்கமா சாஞ்சிடுவான். ஆடாதவன்தான் நேரா நிப்பான். நான் எத்தினியோ விளையாட்டுக்குப் பின்னூட்டம் குடுத்திருக்கேன். ஒண்ணையாவது இந்தக் கையால தொட்டிருப்பேனா? கேட்டுப் பாரு. இந்தக் கை சுத்தம் இன்னிக்கி யாருகிட்ட இருக்குது?"

கை சுத்தம் ஜான்சியின் புருவத்திலிருந்து மூக்குக்குச் சொட்டியது.

"ஒரு தடவையாவது ஆடுங்க ஐயா. பெங்களூர்க்காரங்க கேக்கறாங்க. வேலை விஷயம்."

"வேலை விஷயமா? அப்ப விழாவே எடுத்துடலாம். நானே வந்து தொடங்கி வெக்கறேன்" என்றார் பேரொளி. அறிவழகன் அதற்குள் பேனர் அளவை மனத்துக்குள் போட்டுவிட்டார்.

விழா மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. உள்ளே பினாயில் நாற்றமும் வௌவால் நாற்றமும் முதல் வரிசைக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. பேனரில் பேரொளி கைகூப்பிக்கொண்டிருந்தார், சுடர் கைகூப்பிக்கொண்டிருந்தார். ஜான்சியின் படம் ஒரு மூலையில், ஃபிளெக்ஸ் கடை விளம்பரத்துக்குக் கீழே, அந்தக் கடையின் போன் நம்பரைத் தலையில் சுமந்துகொண்டிருந்தது. மைக்கின் பஞ்சில் எத்தனையோ ஆண்டுப் பேச்சின் எச்சில் ஊறி, அழுத்தினால் வீராணம் ஏரி மதகு போலத் திறந்துகொள்ளும் நிலையில் இருந்தது.

ஜான்சியின் லேப்டாப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். திரையில் விளையாட்டு பெரிதாகத் தெரிந்தது. பொன்னுரங்கம் ரிப்பனை வெட்டினார், 'தொடங்கு' என்பதைத் தம் பொன்விரலால் அமுக்கினார், கைதட்டல் வாங்கிக்கொண்டார். பிறகு எந்த நல்ல தலைவரும் செய்வதைச் செய்தார். லேப்டாப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்குக்குப் போனார்.

"அவையோர்களே" என்றார்.

திரையில் தேவனாம்பட்டினத்துப் பெண் ஜன்னலோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'யாரைக் கூப்பிடலாம்?' என்ற கேள்வி அவள் தலைக்கு மேல் துடித்தது. ஒரு கோடு சார்ஜ் கரையத் தொடங்கியது.

பொன்னுரங்கம் மேடையில் இருந்தவர்களைப் பெயர் சொல்லி விளித்தார், மேடைக்குக் கீழே இருந்தவர்களை விளித்தார், வர முடியாதவர்களை விளித்தார், காலமான உறுப்பினர்களை விளித்தார். ஜான்சி முதல் வரிசையில் எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

"ஐயா! சார்ஜ் போவுது! சீக்கிரம் எதனா அமுக்குங்க!"

அறிவழகன் ஓடிவந்து அவளை உட்கார வைத்தார். "யுபிஎஸ் வெச்சிருக்கோம்மா, பயப்படாத."

வரவேற்புரை ஆற்றுபவரை வரவேற்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது தேவனாம்பட்டினத்துப் பெண்ணின் போன் செத்தது. திரை கருப்பானது. 'அவள் யாரையும் கூப்பிடவில்லை' என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. மண்டபமே எழுந்து கைதட்டியது. சில பேர் மூக்கைச் சிந்தினார்கள். அவர்களில் ஒருவர் பொன்னாடையில் சிந்தினார்.

பிறகு பின்னூட்டம் வழங்கத் தொடங்கினார்கள். பின்னூட்டத் தீபம் மங்கலம் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு யாருக்குமே போன் பண்ணல பாருங்க. அதாங்க பொம்பள பொறும. எங்க வீட்லயும் நான் அப்டித்தான், வாயத் தொறக்கவே மாட்டேன்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்து வந்தவர், மங்கலம் அம்மாள் பேசியதில் 'பாருங்க' என்ற சொல் வந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தார். கடைசியில் பேரொளியே எழுந்தார்.

"திரை கருப்பாச்சே, அந்தக் கருப்புதான் கத! இருந்தாலும் ஒரு சின்னக் கொற. முடிவு சோகமா இருக்கு. ஜனங்களுக்கு நம்பிக்க குடுக்கணும். கடைசில கரண்ட் வந்துட்டதா வெச்சிடு."

ஜான்சியை ஏற்புரைக்கு அழைத்தார்கள். மைக் அவள் உதட்டில் பட்டது. சாம்பார், வெற்றிலை, யாருடையதோ ஏப்பம். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் பொண்ணு போன் பண்ணாததுக்குக் காரணமே நீங்க பேசிக்கினு..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அறிவழகன் அவள் காதருகில் குனிந்து, தகப்பன் மகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஏற்புரைன்னா நன்றின்னு மட்டும் சொல்லணும்மா. பின்னூட்டத்துக்குப் பதில் பேசுறது மரபு கிடையாது."

ஜான்சி விடவில்லை. மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாளும் போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். அவள் தொல்லை தாங்காமல், விளையாட்டை உண்மையிலேயே ஆடிப் பார்ப்பதற்கென்று சிதம்பரத்தில் ஒரு சிறப்பு அமர்வு நடத்தச் செயற்குழு சம்மதித்தது. ஒரு நிபந்தனை: ஜனநாயக முறைப்படிதான் ஆடுவோம்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் முப்பத்தோரு பேர் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் பந்தியின் ரசம் தரையில் காய்ந்து, செருப்பை எடுத்தால் 'பசக்' என்றது. ஜான்சியே தொடங்கி வைத்தாள், தொடங்கி வைப்பவர் பேசிவிடக் கூடாது என்பதற்காக. 'யாரைக் கூப்பிடலாம்?' என்று திரை கேட்டது.

"குவைத் அண்ணனுக்குப் போடலாம்னு முன்மொழியறேன்" என்றார் ஒருவர்.

"ஐஎஸ்டி எவ்ளோ ஆவும் தெரியுமா? ஒன் அக்கா வூட்டுப் பணமா?"

"கேம்ல பணம் போவாதுங்க" என்றாள் ஜான்சி.

"குறுக்க பேசாதம்மா. வழிமொழிய யாரு இருக்கா?"

மங்கலம் அம்மாள் எழுந்தார். "ஸ்ரீமுஷ்ணத்துத் தங்கச்சிக்கு மட்டும் பண்ணவே கூடாது. சண்ட போட்டவ அவ. அவளே மொதல்ல பண்ணட்டும். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா, அதனாலதான் சொல்றேன்."

"புருசனுக்குப் பண்ணலாமே?"

"அவன் திருப்பூர்ல இன்னா பண்றானோ!"

"அபாண்டமா பேசாதீங்க. அந்தத் திருப்பூர்க்காரரு யாரு, இன்னா ஆளுன்னு விசாரிக்க ஒரு உபகுழு போடலாம்."

போன் செத்தது. ஜான்சி மறுபடி தொடங்கினாள். புதிதாகத் தொடங்கினால் முந்தைய ஆட்டத்தின் நடவடிக்கைகளைப் படித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் விதியைக் காட்டினார். படித்தார்கள். போன் செத்தது. மறுபடி தொடங்கினாள். இறந்த போனுக்கு இரங்கல் தீர்மானம் போட வேண்டுமா, கூடாதா என்று இரு அணியாகப் பிரிந்தார்கள். போன் செத்தது. அன்றைக்குத் தேவனாம்பட்டினத்தில் அந்தப் பெண்ணின் போன் செத்த சாவை நிஜப் புயலில்கூட யாரும் செத்திருக்க மாட்டார்கள். கடைசியில் கரண்ட் போனது. இருட்டில், கையைத் தூக்கினவர்களை எண்ண முடியாத நிலையில், ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: விளையாட்டு மிகச் சிறப்பு, செல்போனின் தரம்தான் சரியில்லை, வேறு கம்பெனி போன் வாங்கவும்.

"ஒருத்தருக்காவது மிஸ்டு கால் குடுக்கலாம்னு தோணலயா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள் ஜான்சி.

"மிஸ்டு காலா?" பேரொளியின் குரல் வந்தது. "பேசுறதுக்கு வாயி இருக்கசொல்ல, மணியடிச்சிக் கட் பண்றது மனுசன் செய்யிற வேலையா?"

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது முதுகில் உட்கார்ந்த விதத்தில் ஏதோ ஒரு பிராணி ஏறிப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. சாம்பார் ஓரம் கன்னத்தில் ஒட்டியது. மங்கலம் அம்மாள் வேறு அவளை அணைத்துக்கொண்டு, "நீ மேன்மேலும் வளரணும்" என்று சொல்லும்போது மிக்சர் தூள் காதுக்குள் போனது. பொன்னாடை பேரவையின் சொத்து என்பதால் வாசலில் நின்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நாற்றத்தை மட்டும் அவளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், லால்பேட்டைக்கு முன்னாலேயே தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாள். கேசரி வந்தது, வாழ்த்துரை வந்தது, அணியுரை வந்தது. எல்லாம் வந்த பிறகு மண்டை தெளிவானது. அந்தத் தெளிவில் ஒன்று புலப்பட்டது. இத்தனை நாளாக அவள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆள் தேட வேண்டியதில்லை. தேடி வைத்திருந்த ஆட்களை வைத்தே ஒரு விளையாட்டுச் செய்யலாம்.

வீட்டுக்குப் போய் இரண்டு தடவை தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தாள். ராசம்மாள், "ரைஸ்மில் வூட்லேர்ந்து கேட்டு அனுப்பிச்சாங்கடி, இன்னா சொல்றது?" என்றாள். "கரண்ட் இல்லன்னு சொல்லும்மா" என்றாள் ஜான்சி. கரண்ட் வந்தபோதெல்லாம் வேலை செய்தாள். மாதக் கடைசி நாளில் பெங்களூருக்கு இரண்டு விளையாட்டை அனுப்பினாள். ஒன்று பழையது. இன்னொன்று புதிது, பெயர் 'தலைமையுரை'. கூட வைத்த குறிப்பு இது:

'ஆடியவர்கள்: எவரும் இல்லை. கருத்துச் சொன்னவர்கள்: முப்பத்தோரு பேர். கருத்து: போன் மாற்றவும், கரண்ட் வரவழைக்கவும். நான் மாற்றியது: முதல் விளையாட்டில் எதையும் மாற்றவில்லை, எதை மாற்றுவது என்று தெரியவில்லை. இரண்டாவது விளையாட்டில், தொடங்கியதும் ஆடுகிறவரின் பெயரைக் கேட்கிறேன். அவர் பெயர் உள்ளே இருந்தால் அவர் ஆடுவார் என்று நினைக்கிறேன்.'

நாலாம் நாள் போன் வந்தது. காயத்ரி என்று பெங்களூர் கம்பெனியில் ஒரு அம்மாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அந்தப் புயல் கேம்ல மிஸ்டு கால் எனக்கு ரெண்டாவது தடவ ஆடும்போதே தோணிடுச்சு. அதுக்கு உள்ள துப்பு எதுவும் வைக்க வேண்டாம். ஆனா அதுக்கப்புறம் நாலு வரி விளக்கம் எழுதியிருக்க பாரு, அது தண்டம். வெட்டிடு. திருப்பூர் புருஷன் பேசற பேச்சு சினிமாத்தனமா இருக்கு, மாத்து. எப்ப வந்து சேர்ற?"

ஜான்சி போனை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். ராசம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"இன்னாடி? இல்லன்னுட்டாங்களா?"

"இல்லம்மா! தண்டம்னு சொல்லிட்டாங்கம்மா! சினிமாத்தனம்னு சொல்லிட்டாங்க!" என்று தாயைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ராசம்மாள் மாதாவின் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

செய்தி மஞ்சக்குப்பத்துக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பேரவையின் பின்னூட்டத்தால் பெங்களூரில் வேலை பெற்ற வீராங்கனைக்குப் பாராட்டு விழா என்று மறுநாளே பேனர் ஏறிவிட்டது. ஜான்சிக்குப் போக விருப்பமே இல்லை. ஆனால் புது விளையாட்டின் பெயர் மட்டும் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டி, அழைப்பிதழில் ஒரு வரி ஏறியிருந்தது: 'தலைமையுரை' விளையாட்டைப் பேரொளி அவர்கள் தொடங்கி வைப்பார்கள். அதைப் படித்ததும் போகாமல் இருக்க மனம் வரவில்லை. விழா நாள் இரவே அவளுக்குப் பெங்களூர் பஸ். சித்தார்த்திடம் பெட்டியைக் கொடுத்து பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினாள். "பஸ்சு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு, ஓடியாந்துடறேன்." கார் மூழ்கும் வளைவை அவன் திருத்திவிட்டிருந்தான், அதை யாரிடமும் சொல்லவில்லை, ஜான்சியிடமும் சொல்லவில்லை.

அதே மண்டபம், அதே வௌவால், அதே மைக். பொன்னாடையை முதலிலேயே போர்த்திவிட்டார்கள். பேரொளி ரிப்பனை வெட்டி, விரலால் அமுக்கி, முதுகைக் காட்டித் திரும்பப் போன சமயத்தில் திரையில் எழுத்து வந்தது: 'தங்கள் பெயரைப் பட்டங்களுடன் தட்டவும்.'

பேரொளி நின்றார். திரும்பினார். நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். பட்டங்களைத் தட்டி முடிப்பதற்குள் சமையல்காரர் இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கடைசி எழுத்து விழுந்ததும் திரையில் ஒரு மண்டபம் திறந்தது. மேடை. மேடையில் பின்னூட்டப் பேரொளி பொன்னுரங்கம். கீழே கூட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, 'தொடர்ந்து பேசு.' மற்றது, 'மூலையில் நிற்கும் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று கேள்.' மூலையில் ஒரு பெண் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு சார்ஜ்.

பேரொளி 'தொடர்ந்து பேசு' என்பதை அமுக்கினார். திரையில் கைதட்டல் எழுந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி கைதட்டல். அவர் முகத்தில் பால் குடித்த பூனையின் அமைதி பரவியது. அமுக்கிக்கொண்டே போனார். திரைக்குள் பின் வரிசை எழுந்து போனது. அமுக்கினார். நடு வரிசை போனது. மூலைப் பெண் போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அமுக்கினார். நாற்காலிகளை அடுக்கிக் கட்டினார்கள். அமுக்கினார். விளக்கை அணைத்தார்கள். அவள் போன் செத்தது. இருட்டில் கடைசி வரி வந்தது: 'தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.'

நிஜ மண்டபத்தில் அறிவழகன் வியர்வையைத் துடைக்கத் துணி தேடினார். மங்கலம் அம்மாள்கூட வாயை மூடியிருந்தார். பேரொளி மெதுவாக எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன. முதல் முறையாக, மைக்குக்குப் போகாமல் நேராக ஜான்சியிடம் வந்தார்.

"கண்ணு, என் வாழ்நாள்ல ஒரு விளையாட்ட முழுசா ஆடினது இதான். ஒண்ணும் மறைக்காம சொல்றேன். தலைவரு பாத்திரம் பிரமாதம். அவரு விடாம பேசுறாரு பாரு, அந்த உறுதி! ஜனங்க எழுந்து போனாலும் கொள்கைல நிக்கிறாரு. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு."

கொஞ்சம் தயங்கினார்.

"மூலையில ஒரு பொண்ணு நிக்குதே, அது எதுக்குன்னுதான் புரியல. கதைக்கு சம்பந்தமே இல்ல. கண்ணுக்கு உறுத்தலா இருக்கு. எடுத்துடு."

ஜான்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆள். கடைசிவரை ஆடியவர். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னவர். அவள் இத்தனை நாளாகக் கேட்டது இதைத்தானே.

"நன்றி ஐயா" என்றாள். அன்றைக்கு அந்தச் சொல்லில் கலப்படமே இல்லை.

பேரொளி மகிழ்ந்துபோய் மைக்குக்குத் திரும்பினார். "அவையோர்களே" என்று தொடங்கி, தாம் சற்றுமுன் ஆடியதற்குத் தாமே ஒரு ஆய்வுரை வழங்கலானார். காலமானவர்களை விளிக்கும் கட்டத்துக்கு அவர் வந்தபோது ஜான்சியின் போன் ஒரு தடவை அடித்து நின்றது. எழுந்தாள். பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் உட்கார வைத்தாள். அது உட்கார்ந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக, காற்றை நன்றாக ஒருமுறை இழுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள்.

யாரும் கவனிக்கவில்லை. பேரொளி நாற்காலியைப் பார்த்துக் கைநீட்டி, "இந்தப் புள்ளையோட அடக்கத்தப் பாருங்க" என்றார். பிறகு ஏற்புரைக்கு அழைத்தார்கள். பொன்னாடை எழுந்திருக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. நன்றிகூடச் சொல்லத் தெரியாத அந்தப் பணிவைக் கண்டு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.